பெற்றவளை யார் பார்த்தார்கள்?

பிள்ளை வயிற்றில் இருக்கும் வரை அவளிடம் எல்லோரும் கேட்கிறார்கள். குடிப்பீர்களா, வாரத்துக்கு எத்தனை கிளாஸ், கடைசியாக எப்போது? அமெரிக்காவில் 1989 முதல் மதுப்புட்டிகளிலேயே கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை அச்சாகி வருகிறது. பிள்ளை பிறந்த பிறகு கேள்விகள் நின்றுவிடுகின்றன. பார்க்க வருகிறவர்கள் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அமெரிக்காவில் பல காலமாக, பிரசவம் முடிந்து ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் ஒரே ஒரு முறை காட்டினால் போதும் என்பதே வழக்கமாக இருந்தது. முதல் மூன்று வாரத்துக்குள்ளாவது தாயைத் தொடர்புகொண்டு பேசுங்கள், பன்னிரண்டு வாரத்துக்குள் முழுமையாகப் பரிசோதியுங்கள் என்று அந்நாட்டு மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி சொன்னதே 2018இல்தான்.

குடி திரும்பி வருவது இந்த இடைவெளியில். கர்ப்ப காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தியவர்களில் பலர் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் மறுபடி தொடங்குகிறார்கள். கர்ப்பத்துக்கு முன்பே அளவு மீறிக் குடித்தவள் என்றால் பழைய அளவுக்குப் போக அதிக நாள் பிடிப்பதில்லை. ஆனால் உடம்பு பழைய உடம்பு அல்ல. மாதக்கணக்கில் குடிக்காமல் இருந்ததில் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு இரண்டு கிளாஸில் வந்த மயக்கம் இப்போது ஒன்றிலேயே வரலாம். தூக்கம் கிடையாது, தையல் போட்ட இடம் வலிக்கிறது, மார்பில் பால் கட்டுகிறது, கணவன் இருந்தால் வேலைக்குப் போய்விட்டான், இல்லாவிட்டால் யாருமே இல்லை. நம் ஊரில் என்ன குறை இருந்தாலும் பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்குப் போவாள். பத்தியச் சோறு ஆக்கிப்போட ஒரு கை இருக்கும். சியாட்டலிலோ சிகாகோவிலோ தனி அடுக்ககத்தில் கிடக்கும் பெண்ணுக்கு அந்தத் தாய்வீடே பல சமயம் குடியால் சிதைந்த வீடாக இருக்கும். குடியால் அழிந்துகொண்டிருக்கும் தாய்மார்களிடம் விசாரித்தால், அவர்களில் பலர் சிறுவயதில் குடிகாரப் பெற்றோரிடம் அடிபட்டவர்கள் என்பது தெரியவரும்.

சியாட்டலைச் சும்மா இழுக்கவில்லை. இந்தக் கதையின் இரு முனைகளும் அந்த ஊரில்தான் இருக்கின்றன.

1970களின் தொடக்கத்தில் அங்கே கிறிஸ்டி உலேலண்ட் என்ற இளம் குழந்தை மருத்துவர், எடையே ஏறாத கைக்குழந்தைகளைக் கவனித்து வந்தார். அவர்களில் பலருடைய தாய்மார்கள் கடுமையாகக் குடிப்பவர்கள் என்று கண்டுபிடித்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு டேவிட் ஸ்மித், கென்னத் ஜோன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், ஒருவருக்கொருவர் உறவில்லாத, மூன்று வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த 8 குழந்தைகளை ஆராய்ந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரியான முக அமைப்பு, சிறிய தலை, பின்தங்கிய வளர்ச்சி. 1973இல் லான்செட் இதழில் அந்தக் கட்டுரை வந்தது. கருவில் மதுவால் வரும் கேட்டுக்கு மருத்துவ உலகம் பெயர் வைத்தது அப்போதுதான். பிரான்சின் நான்ட் நகரில் பால் லெமுவான் 1968லேயே இதைச் சொல்லியிருந்தார். அப்போது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லான்செட் கட்டுரையை எழுதியவர்களில் ஆன் ஸ்ட்ரைஸ்கத் என்ற உளவியலாளரும் ஒருவர். மற்றவர்கள் வேறு ஆராய்ச்சிகளுக்குப் போனார்கள். அவர் அந்தக் குழந்தைகளை விடவில்லை. பள்ளியில் என்ன ஆனார்கள், பதின்பருவத்தில் என்ன ஆனார்கள் என்று வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவந்தார். அப்படிப் போனபோது இன்னொரு உண்மையும் எதிர்ப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் மிகச் சிலர்தான் பெற்றவளோடு இருந்தார்கள். மற்றவர்களின் தாய்மார்களைப் பற்றி விசாரித்தால், பலர் இறந்திருந்தார்கள். பிள்ளையின் நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. பெற்றவளின் நோய் அவளைத் தின்று முடித்துவிட்டது.

அந்த நாட்களில் அமெரிக்கா இந்தப் பெண்களை எப்படிப் பார்த்தது என்பதற்கு, நாட்டின் இன்னொரு கோடியிலிருந்து ஒரு சம்பவம். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1989இல் ஓர் அரசு மருத்துவமனையும் போலீசும் கைகோத்துக்கொண்டன. கர்ப்பிணிகளுக்குத் தெரியாமலே சிறுநீரைச் சோதித்து, கொகெயின் இருந்தால் போலீசில் பிடித்துக்கொடுத்தார்கள். பிரசவம் முடிந்த சூட்டிலேயே கட்டிலிலிருந்து கைவிலங்கோடு கொண்டுபோகப்பட்டவர்கள் உண்டு. கைதான 30 பேரில் ஒருவரைத் தவிர எல்லோரும் கறுப்பினப் பெண்கள். அது அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆயிற்று. வழக்கு கொகெயினைப் பற்றியது. பாடம் மதுவுக்கும் பொருந்தும். கைவிலங்குச் செய்தி காதில் விழுந்த எந்தப் பெண் டாக்டரிடம் போய் உண்மையைச் சொல்வாள்? 1997இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு அமைப்பு இன்னும் ஒரு படி போனது. போதைப் பழக்கமுள்ள பெண் கருத்தடை செய்துகொண்டால் கையில் 200 டாலர். பிள்ளை பெறாமல் தடுத்துவிட்டால் கணக்கு தீர்ந்தது. அந்தப் பெண் குடித்துச் செத்தாலும் அவர்கள் பட்டியலில் அது இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1991இல், சியாட்டலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்ட்ரைஸ்கத் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். முதலில் அது ஆராய்ச்சித் திட்டம்தான். பிற்பாடு தெரீஸ் கிராண்ட் அதை ஏற்று வளர்த்தார். சுருக்கமாக பீகேப் என்கிறார்கள். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் துணை நிற்கும் திட்டம். கர்ப்ப காலத்தில் அளவு மீறிக் குடித்த அல்லது போதை எடுத்த, எந்த உதவியோடும் ஒட்டாமல் போன பெண்களைத்தான் அது தேடிப் போகிறது. நல்ல நோயாளிகளை எல்லோரும் சேர்த்துக்கொள்வார்கள். சந்திப்புக்கு வராதவள், போனை எடுக்காதவள், முந்தைய மூன்று மையங்களிலிருந்து துரத்தப்பட்டவள்: அவள்தான் இவர்களுக்கு வேண்டியவள்.

ஒரு களப்பணியாளர், அவர் பொறுப்பில் பதினைந்து இருபது குடும்பங்கள். வாரம் ஒரு முறையோ இரண்டு வாரத்துக்கு ஒரு முறையோ அந்தப் பெண் எங்கே இருக்கிறாளோ அங்கே போகிறார். அது வீடாக இருக்கலாம், தோழியின் சோபாவாக இருக்கலாம், காப்பகமாக இருக்கலாம், ஜெயிலாகவும் இருக்கலாம். களப்பணியாளர்களில் பலர் தாங்களே அந்தப் பாதையில் போய் மீண்டவர்கள். அவர்களிடம் "உங்களுக்கென்ன தெரியும்?" என்று கேட்க முடியாது. மூன்று வருடம் இது நடக்கும். நடுவில் அவள் மறுபடி குடித்துவிட்டால் திட்டத்திலிருந்து நீக்குவதில்லை. பிள்ளையை அரசு எடுத்துக்கொண்டாலும் அவளைக் கைவிடுவதில்லை. அந்தப் பிள்ளை எந்த வீட்டில் வளர்கிறதோ அங்கேயும் போய்ப் பார்க்கிறார்கள்.

மறுபடி குடித்தாலும் நீக்குவதில்லை என்ற விதிதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். குடியிலிருந்து மீள்வது நேர்கோட்டில் நடப்பதில்லை; சறுக்கல் அந்த நோயோடு பிறந்தது. சறுக்கியதும் வெளியே அனுப்பும் மையம், நோய் வந்ததும் நோயாளியை வெளியே அனுப்புகிற ஆஸ்பத்திரிதானே? குடித்துவிட்டேன் என்று அவள் பயமில்லாமல் சொல்லக்கூடிய ஆள் ஊரில் ஒருவராவது இருந்தால்தான் அடுத்த நாள் காலை அவளை மறுபடி சிகிச்சைக்கு அழைத்துப் போக முடியும்.

அவர்கள் பயன்படுத்தும் ஒரு கருவியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அது ஒரு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு தேவை எழுதியிருக்கும்: பாதுகாப்பான வீடு, படிப்பு, போக்குவரத்து என்று இந்த வகை. களப்பணியாளர் கட்டை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கிறார். இது நடந்தால் உன் வாழ்க்கையில் வித்தியாசம் வருமா, வராதா? வரும் என்றால் ஒரு குவியல், வராது என்றால் இன்னொரு குவியல். பிறகு 'வரும்' குவியலை மறுபடி பார்த்து, மிக முக்கியமானவற்றை அவளே பொறுக்கி எடுக்கிறாள். குடியை நிறுத்துவதுதான் முதலில் வர வேண்டும் என்று யாரும் அவள் கையைப் பிடித்து இழுப்பதில்லை. வீடுதான் முதல் என்றால் வீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை இலக்குகள் வைத்து, ஒவ்வொன்றையும் அவளால் செய்ய முடிகிற அளவுக்குச் சின்னச் சின்ன படிகளாக உடைக்கிறார்கள். யாரும் எதுவும் கேட்காத ஒரு பெண்ணிடம், உனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து கேட்கிறார். அந்தக் கேள்வியை வாழ்க்கையில் அன்றுதான் முதல்முறை கேட்கிறவர்கள் அவர்களில் இருப்பார்கள்.

கருத்தடை பற்றியும் பேசுகிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. கருவில் இன்னொரு பிள்ளை பாதிக்கப்படாமல் இருக்க இரண்டே வழி: குடியை நிறுத்துவது, அல்லது குடி நிற்கும் வரை கர்ப்பமாகாமல் இருப்பது. 200 டாலர் கொடுத்தவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே என்று தோன்றலாம். கிடையாது. அங்கே பணத்தை வாங்கிக்கொண்டு அவள் தெருவுக்குத் திரும்பினாள். இங்கே அவள் கூடவே ஒருவர் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார், வீட்டு வாடகை மனுவை நிரப்புகிறார், அடுத்த மாதமும் வருகிறார்.

வேலை செய்யச் செய்ய இன்னொன்றும் தெரியவந்தது. சில தாய்மார்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. தேதியை மறந்தார்கள், பஸ் எண்ணை மறந்தார்கள், நேற்று ஒப்புக்கொண்டதை இன்று அப்படியொன்றும் இல்லை என்றார்கள். வேறு இடங்களில் இவர்களுக்குச் சோம்பேறி, பொய்க்காரி, ஒத்துழைக்காதவள் என்று பெயர். சியாட்டல் குழுவுக்கு வேறு சந்தேகம் வந்தது, அது சரியாகவும் இருந்தது. அந்தப் பெண்களே, தங்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போது மதுவால் மூளை பாதிக்கப்பட்டவர்கள். 1973இல் எந்தக் குழந்தைகளைப் பார்த்துப் பெயர் வைத்தார்களோ, அந்தத் தலைமுறை இப்போது தாயாகி எதிரில் உட்கார்ந்திருந்தது. இவர்களுக்கு நீண்ட விளக்கம் உதவாது. ஒரு நேரத்தில் ஒரு விஷயம், எழுதிக் கொடுத்த குறிப்பு, முந்தின நாள் ஒரு போன், போகும்போது கூட ஒரு ஆள். அதற்கேற்பத் தங்கள் வேலைமுறையை மாற்றிக்கொண்டார்கள்.

வாஷிங்டன் மாநிலம் தன் செலவில் இத்திட்டத்தை எடுத்துக்கொண்டது. கனடாவில் வின்னிபெக் 1998இலும் ஆல்பர்ட்டா 1999இலும் இதே மாதிரியைப் பின்பற்றித் தொடங்கின. மூன்று வருடம் முடிந்து களப்பணியாளர் விடைபெற்ற பிறகும் முன்னேற்றம் நிலைத்ததா என்று தேடிப் போய்ப் பார்த்த ஆய்வும் 2003இல் வெளியானது, பெருமளவு நிலைத்திருந்தது.

இதுவரை சொன்னது ஏழைப் பெண்கள் கதை. இதைப் படித்துவிட்டு, "அது அவங்க பிரச்சினை" என்று நகர்ந்துவிடுவது சுலபம். ஆகையால் லாஸ் ஏஞ்சலஸ் பக்கமும் போக வேண்டும். ஸ்டெஃபனி வைல்டர்-டெய்லர் அங்கே நகைச்சுவை எழுத்தாளர். பிள்ளை வளர்ப்பின் அலுப்பை ஒயின் கிளாஸோடு சேர்த்துக் கேலியாக எழுதிய அவருடைய முதல் புத்தகம் 2006இல் வந்து நன்றாக விற்றது. பகலெல்லாம் பிள்ளை, மாலையில் ஒயின், இதில் என்ன தப்பு என்று ஒரு கலாச்சாரமே அப்போது அமெரிக்கத் தாய்மார்களிடையே உருவாகிக்கொண்டிருந்தது. டீ-சட்டையில், கோப்பையில், வாழ்த்து அட்டையில் எல்லாம் 'அம்மாவுக்கு ஒயின் வேணும்' என்ற ரக வாசகங்கள். அந்தக் கொண்டாட்டத்தின் முகமாக இருந்த வைல்டர்-டெய்லர், மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 2009 மே மாதத்தில் தன்னால் நிறுத்த முடியவில்லை, இனிமேல் குடிக்கப்போவதில்லை என்று வாசகர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

அதற்கு வந்த பதில்கள்தான் செய்தி. நானும் அப்படித்தான், யாரிடமும் சொன்னதில்லை என்று கடிதம் மேல் கடிதம். வசதியான வீடு, வேலைக்குப் போகும் கணவன், ஒழுங்கான பள்ளிக்கூடம். அலமாரியில் துணிக்கு அடியில் பாட்டில். அந்தப் பெண்களுக்காக அவர் இணையத்தில் ஒரு குழுவையே தொடங்க வேண்டியதாயிற்று.

சியாட்டலின் காப்பகத்தில் இருப்பவளும் லாஸ் ஏஞ்சலஸின் அலமாரிக்காரியும் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: தெரிந்தால் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். ஏழைக்கு அந்தப் பயம் நியாயமானது, பணக்காரிக்கு ஓரளவு மிகை. ஆனால் வாயை மூடவைக்க இரண்டுமே போதும்.

கேட்கும் விதத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "எவ்வளவு குடிப்பீங்க?" என்று நேராகக் கேட்டால் பலர் குறைத்துச் சொல்வார்கள். டெட்ராய்ட்டில் ராபர்ட் சோகோல் என்ற மகப்பேறு மருத்துவரும் அவருடைய குழுவும் 1989இல் நான்கே கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதில் முதல் கேள்வி, போதை ஏற உங்களுக்கு எத்தனை கிளாஸ் ஆகும்? இதில் குற்றச்சாட்டு எதுவும் இருப்பதாகப் படாததால் பெண்கள் உள்ளதைச் சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கு மேல் என்றால் உடம்பு மதுவுக்குப் பழகியிருக்கிறது என்று பொருள். கர்ப்பிணிகளுக்காக வந்த கேள்வி அது. அதன் உத்தியைப் பிரசவத்துக்குப் பிறகும் ஒரு நர்ஸோ, அக்காவோ, தோழியோ பயன்படுத்த என்ன தடை? "ராத்திரி எப்படிப் போகுது, எதை வச்சுச் சமாளிக்கிறே?" என்று தொடங்கினாலே போதும். பதிலைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும், அது கேள்வியைவிடக் கஷ்டம்.

பாலைப் பற்றிய குழப்பமும் பெண்களை மறைக்க வைக்கிறது. பீர் குடித்தால் பால் ஊறும் என்ற நம்பிக்கை மேற்கில் மிகப் பழையது. 1895இல் ஒரு பெரிய அமெரிக்க பீர் கம்பெனி, பாலூட்டும் தாய்மார்களுக்கு நல்லது என்று மால்ட் டானிக் விற்றது. ஜூலி மெனெல்லா என்ற ஆராய்ச்சியாளர் பிலடெல்பியாவில் அதைச் சோதித்தபோது நேர்மாறான விடை வந்தது. 1991இல் வெளியான ஆய்வில், தாய் மது குடித்த பிறகு குழந்தைகள் உறிஞ்சிய பாலின் அளவு குறைந்திருந்தது. பாலைப் பீய்ச்சி வெளியேற்றும் ஆக்சிடோசினை மது அமுக்கிவிடுகிறது என்று 2005இல் அவர் குழு காட்டியது. குழந்தை பசியில் அழும், தாய் தனக்குப் பால் போதவில்லை என்று உடைந்துபோவாள், ஆற்றிக்கொள்ள இன்னொரு கிளாஸ்.

ரத்தத்தில் எவ்வளவு மது இருக்கிறதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் பாலிலும் இருக்கும். குடித்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டால் சுத்தமாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ரத்தத்தில் இருக்கும் வரை புதுப் பாலிலும் அது வந்துகொண்டேதான் இருக்கும். ஒரு அளவு மதுவுக்கு, அதாவது சுமார் 150 மில்லி ஒயினுக்கு, குறைந்தது 2 மணி நேரம் பொறுத்துப் பாலூட்டுங்கள் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். கடுமையாகக் குடிக்கிறவளுக்கு இந்தக் கணக்கு உதவாது. அவள் டாக்டரோடு சேர்ந்து வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். அதைவிட அவசரமான ஆபத்து படுக்கையில் இருக்கிறது. தென்மேற்கு இங்கிலாந்தில் தூக்கத்தில் திடீரென்று இறந்த கைக்குழந்தைகளைப் பற்றி 2009இல் வந்த ஆய்வில், அவர்களில் 31 சதவீதம் பேர் மதுவோ போதைப்பொருளோ எடுத்த பெற்றோரோடு சேர்ந்து படுத்திருந்தவர்கள். ஒப்பிட எடுத்த மற்றக் குடும்பங்களில் அது 3 சதவீதம்தான். ஆகவே குடிக்கும் தாய் உள்ள வீட்டில் செய்ய வேண்டிய முதல் உதவி உபதேசம் இல்லை. குழந்தைக்குத் தனித் தொட்டில், அன்று ராத்திரி குடிக்காத ஒருவர் வீட்டில் இருப்பது. சோபாவில் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு தூங்குவது எல்லாவற்றிலும் மோசம்.

நல்ல மனதோடு செய்யும் ஒரு தவறும் உண்டு. பாட்டில்களை எல்லாம் சாக்கடையில் கொட்டிவிட்டு, இன்றோடு நிறுத்து என்று சத்தியம் வாங்குவது. தினமும் அதிகமாகக் குடித்த உடம்பில் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, பிரமை வரைக்கும் போகலாம், உயிரே போகலாம். அது மருத்துவமனையில், வைட்டமின் பி1 கொடுத்து, மருந்தோடு படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை.

ஆனால் மருத்துவமனைக்குப் போனால் பிள்ளை யாரிடம்? எல்லாம் வந்து முட்டி நிற்கும் இடம் இதுதான். பெரும்பாலான மறுவாழ்வு மையங்களில் கைக்குழந்தைக்கு இடமில்லை. தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 1993இல் தொடங்கிய ட்ரெவி இல்லம் போன்றவை அபூர்வம். அங்கே தாய் பிள்ளையோடு தங்கிச் சிகிச்சை பெற வழி செய்தார்கள். லண்டனில் நீதிபதி நிக்கலஸ் கிரைட்டன், ஒரே தாய் ஒவ்வொரு பிள்ளையாக இழப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துப் பொறுக்காமல், 2008இல் அமெரிக்க மாதிரியில் ஒரு தனி நீதிமன்றத்தைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, வக்கீல்கள் இல்லாமல், அதே நீதிபதி அதே தாயோடு உட்கார்ந்து பேசுவார்.

அமெரிக்கச் சட்டத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 1997 சட்டப்படி, பிள்ளை கடந்த 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புக் குடும்பத்தில் இருந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, தாயின் உரிமையை ரத்து செய்ய மாநிலம் மனுப் போட வேண்டும். குழந்தையை ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் விடக்கூடாது என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் சியாட்டலில் ஒரு பெண்ணுக்கு மூன்று வருடம் தேவை என்று கண்டார்கள். சட்டம் கொடுப்பது அதில் பாதிகூட இல்லை. 2018இல் வந்த சட்டம் ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. பிள்ளையை வேறு குடும்பத்தில் வைத்து வளர்க்கக் கொடுத்துவந்த மத்திய அரசுப் பணத்தை, அந்தப் பிள்ளை சிகிச்சை மையத்தில் தாயோடு தங்குவதற்கும் 12 மாதம் வரை செலவழிக்கலாம். பணம் இருக்கிறது. தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும் கட்டில்கள்தான் இன்னும் போதவில்லை.